லைப்சிக் கல்லூரியும் நீச்சல் பயிற்றுநரும்

நீச்சல் வீரர் வென்றால் அவர் பெயரும் எடுத்துக்கொண்ட நேரமும் ஏட்டில் ஏறுகின்றன. அவரைப் பயிற்றுவித்தவர் எங்கே கற்றார், எதைக் கற்க விடாமல் தடுக்கப்பட்டார் என்பவை ஏறுவதில்லை. கிழக்கு ஜெர்மனியின் நீச்சல் வரலாறோ இவ்வினாக்களைக் கேளாதவர்க்கு விளங்காத ஒன்று.

1949-ஆம் ஆண்டில் தோன்றிய அந்நாட்டைப் பிற நாடுகள் பல நெடுங்காலம் ஏற்கவில்லை. உலகின் ஒப்புதலைப் பெற அதன் ஆட்சியாளர் நாடிய வழிகளுள் விளையாட்டும் ஒன்று. 1950-இல் லைப்சிக் நகரில் உடற்கல்விக்கென ஓர் உயர்கல்லூரி நிறுவப்பெற்றது. பழைய வீரர்கள் தம் பட்டறிவை மட்டும் துணைக்கொண்டு பயிற்றுநராகிய காலம் அது. லைப்சிக்கிலோ உடலியல், உளவியல், கற்பித்தல் முறை ஆகியவற்றை முறையாகப் பயின்று பட்டம் பெற்றவரே பயிற்றுநராயினர். அங்குப் பேராசிரியராக இருந்த கூர்ட் மைனெல் 1960-இல் வெளியிட்ட நூல், உடலசைவை ஓர் ஆசிரியரின் நோக்கில் ஆராய்ந்தது. எழுத்தறிவிப்பவருக்குப் பயிற்சி வேண்டுமெனில் நீந்தக் கற்பிப்பவருக்கு வேண்டாவோ? இதுவரை அக்கல்லூரியைப் பாராட்டவே தோன்றும்.

ஆனால் அதே பாடத்திட்டத்தில் மார்க்சிய லெனினியக் கோட்பாடும் கட்டாயப் பாடம். கட்சி வகுத்ததை நிறைவேற்றுவதே பயிற்றுநரின் கடமை என்னும் மனப்பாங்கு அறிவியலோடு சேர்த்தே ஊட்டப்பட்டது. 1969-இல் லைப்சிக்கிலேயே ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. அதன் முடிவுகள் பல மறைபொருளாகக் காக்கப்பட்டன. அறிவு இரு கூறாயிற்று: வகுப்பறையில் சொல்லத்தக்கது ஒன்று, பூட்டிய அறையில் சிலர் மட்டுமே படிக்கத்தக்கது மற்றொன்று. எந்த அறிவை யார் பெறலாம் என முடிவு செய்யும் உரிமை எவரிடம் இருந்ததோ, அவரிடமே உண்மையான அதிகாரமும் இருந்தது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அந்நாட்டு நீச்சல் மங்கையர் ஒரு தங்கமும் வெல்லவில்லை. 1976 மொன்றியாலில் பெண்களுக்கான 13 போட்டிகளுள் 11-இல் அவர்களே வென்றனர். இடையில் 1974-இல், ஊக்கமருந்து வழங்குதலை அரசே நெறிப்படுத்தும் திட்டம் 14.25 என்னும் எண்ணுடன் மறைவில் வகுக்கப்பட்டிருந்தது.

மருந்தைத் தீட்டியவர்கள் மேலிடத்தார். சிறுமியின் கையில் கொடுத்தவர்களுள் பயிற்றுநரும் இருந்தனர். திறமை வாய்ந்த சிறாரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விளையாட்டுப் பள்ளி விடுதிகளில் தங்கவைத்து வளர்ப்பது அங்கு வழக்கம். அங்கே தாயும் தந்தையுமாய் நின்றவர் பயிற்றுநர். அவர் நீட்டிய நீல நிற மாத்திரையைச் சத்து மாத்திரை என்று நம்பி விழுங்கிய சிறுமியர் பலர். அது ஆண்மை இயக்குநீரை ஒத்த மருந்து. குரல் தடித்தது, உடல் மாறியது, சிலருக்கு ஈரலும் கெட்டது. பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. ஆசிரியர்மீது பிள்ளை வைக்கும் நம்பிக்கையே இங்குக் கருவியாயிற்று. மருந்தைவிடக் கொடியது இதுவே எனலாம். பயிற்றுநரும் முழுச் சுதந்திரம் உடையவர் அல்லர். பதக்கத்தைப் பொறுத்தே அவருக்குப் பரிசுத்தொகை, பதவி உயர்வு, வெளிநாட்டுப் பயணம் யாவும் அமைந்தன. ஆயினும் அச்சம் குற்றத்தை விளக்குமேயன்றித் துடைக்காது.

1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. கல்லூரியை மூடும் முடிவும் அவ்வாண்டே எடுக்கப்பட்டது. அங்குப் பயின்றவர்கள் வேறு நாடுகளிலும் வேலை பெற்றனர். அவர்களுடைய நீச்சல் அறிவுக்கு விலை இருந்தது. 1991 இறுதியில் முன்னாள் பயிற்றுநர் இருபதுபேர் மருந்து கொடுக்கப்பட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். 1998-இல் பெர்லின் நீதிமன்றம் பயிற்றுநர், மருத்துவர் சிலருக்குத் தண்டம் விதித்தது. 2000-இல் விளையாட்டுத் துறைத் தலைவராயிருந்த மான்ஃபிரெட் ஏவால்டுக்கு 22 மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் வந்தது 2002-இல். மொன்றியாலில் நீந்திய சிறுமியர் அப்போது நாற்பது வயதை ஒட்டியிருந்தனர்.