கொலம்போவும் குழம்பும்

கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள ஊர் ஜெஞ்சாரோம். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் எழுந்த சீனப் புதுக்கிராமம் அது. அதனைச் சூழ்ந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலோ தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அதே சிலாங்கூர் மாநிலத்தில், சன்வே நகரில் பிரெஞ்சுச் சமையற்கலை பயிற்றும் கல்லூரி ஒன்று இன்று இயங்குகின்றது. பாரிசு நகரில் 1895இல் தோன்றிய ‘லெ கோர்டான் புளூ’ என்னும் பள்ளியின் கிளை அது. தோட்டக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் அங்குச் சென்று பயில்வானாயின், அவன் கற்கும் பாடத்திற்கும் அவன் பாட்டியின் அடுப்புக்கும் உறவு ஏதேனும் உண்டா? உண்டு என்பதே வரலாறு தரும் விடை.

அப்பள்ளியின் பயிற்சி முறை எளியது. ஆசிரியர் முதலில் சமைத்துக் காட்டுவார். மாணவர் குறிப்பெடுத்துச் சுவைத்துப் பார்ப்பர். பின்னர் அதே உணவைத் தாமே ஆக்குவர். ஆசிரியர் சுவைத்துக் குறை நிறை கூறுவார். அடிப்படைகளைக் கற்று முடித்தவர்க்கு அடுத்த நிலையில் வட்டார உணவுகள் வைக்கப்பட்டுள்ளன. திராட்சை மதுவில் வெந்த பர்கண்டி மாட்டிறைச்சி, பாலேடும் ஆப்பிளும் சேர்ந்த நார்மண்டி உணவு, அல்சேசின் புளித்த முட்டைக்கோசு, மார்செய் துறைமுகத்தின் மீன்சாறு முதலியன பிரான்சின் வட்டாரச் சமையலுக்குப் பெயர் பெற்றவை.

இவ்வட்டார வரிசை தொன்றுதொட்டு ஏட்டில் இருந்ததன்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1790இல், பழைய மாகாணங்கள் கலைக்கப்பட்டு நாடு 83 மாவட்டங்களாகப் பகுக்கப்பட்டது. நெடுங்காலம் சமையல் நூல்களில் பாரிசு நகரத்துப் பெருஞ்சமையற்காரரின் கைவண்ணமே மேலோங்கி நின்றது. புகைவண்டியும் மோட்டார் வண்டியும் பயணிகளை ஊர்ப்புறத்திற்குக் கொணர்ந்த பின்னரே, ஊர்ச் சமையலுக்குப் பெருமதிப்பு வந்தது. குர்னோன்ஸ்கி என்னும் புனைபெயர் கொண்ட எழுத்தாளரும் மார்செல் ரூப் என்பவரும் 1921 முதல் நாடெங்கும் சுற்றி, வட்டார உணவுகளைப் பற்றி 28 தொகுதிகள் வெளியிட்டனர்.

இங்குக் கருதத்தக்கன இரண்டு. முதலாவது, வட்டார உணவுகளிற் பல ஏழைகளின் உணவுகள். மார்செய் மீன்சாறு, விலைபோகாத மீன்களைக் கொண்டு செம்படவர் காய்ச்சியது. இரண்டாவது, அவற்றின் பொருள்கள் யாவும் அம்மண்ணிற்கே உரியனவல்ல. தென்பிரான்சின் புகழ்பெற்ற ‘கசூலே’ என்னும் உணவிற்கு உயிரான வெள்ளை அவரை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொலம்பசுக்குப் பின் வந்தது. வந்த பொருளும் வாழ்ந்த ஊரால் உரிமை பெறும்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு மேற்கிந்தியத் தீவுகளை நோக்கவேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் 1848இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் வழியாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றனர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக் தீவையும், 1854 டிசம்பரில் குவாதலூப் தீவையும் அடைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குவாதலூப் சென்றவர் சுமார் 42,000 பேர்; மார்த்தினிக் சென்றவர் சுமார் 25,000 பேர். அவர்களுட் பெரும்பகுதியினர் தமிழர்.

அவர்தம் வழித்தோன்றல்களிடம் தமிழ் பேச்சுமொழியாக நிலைக்கவில்லை. வாக்குரிமையும் எளிதில் வரவில்லை. அதன்பொருட்டு ஆன்றி சிதம்பரம் என்பார் 1904 முதல் 1923 வரை குவாதலூப்பில் வழக்காடிப் போராடினார். மொழி மறைந்த அவ்விடத்தில் எஞ்சி நின்றது அடுப்பு. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றை அரைத்த தூளில் ஆட்டிறைச்சியோ கோழியோ வேகவைத்த உணவு அத்தீவுகளின் பேருணவாயிற்று. அதன் பெயர் ‘கொலம்போ’. ‘குழம்பு’ என்னும் சொல்லின் திரிபே அது என்பர். கொழும்பு நகரோடு தொடர்புபடுத்துவாரும் உளர். குவாதலூப், மார்த்தினிக், ரீயூனியன், கயானா ஆகிய நான்கும் 1946இல் பிரான்சின் மாவட்டங்களாயின. ஆகவே கொலம்போவும் இன்று சட்டப்படியே பிரெஞ்சு வட்டார உணவுதான்!

புதுச்சேரி வடகத்தின் கதையும் இதனோடு ஒத்தது. வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கலந்து வெயிலில் காயவைத்து உருட்டும் தாளிப்பு வடகம், பிரெஞ்சுச் சமையற்காரர் நாவில் ‘வடுவான்’ ஆகி, மேலைநாட்டு உணவகங்களில் விலையுயர்ந்த மசாலையாக விளங்குகின்றது.

மலாயாத் தமிழர் வரலாறும் இத்தகையதே. ஒப்பந்த முறையிலும் கங்காணி முறையிலும் கப்பலேறியவர்கள், 1938இல் இந்திய அரசு உடலுழைப்பாளர் குடியேற்றத்தை நிறுத்தும் வரை வந்தனர். பினாங்கிலும் இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கிய அவர்கள் கொண்டுவந்த குழம்பு, இம்மண்ணின் எலுமிச்சைப் புல்லையும் பெலாச்சானையும் பாண்டான் இலையையும் கண்டது. மீனும் கருவாடும் புதிய சுவை பெற்றன. தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு வட்டாரச் சமையல் உருவாயிற்று.

குவாதலூப்புக்கும் சிலாங்கூருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. அங்குக் கூலியின் குழம்பு நூலேறியது, பெயரும் பெற்றது. இங்கோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகர் புகுந்துவிட்டன. தோட்டத்துச் சமையலின் பெரும்பகுதி மூதாட்டியரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றது. நினைவுக்கு ஆயுள் குறைவு.

குர்னோன்ஸ்கி ஊர் ஊராகச் சென்று செய்தது இதற்குரிய மருந்து. தமிழாசிரியர் ஒருவர், தம் மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாக, பாட்டியின் குழம்பு ஒன்றைப் பக்குவம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். மல்லி எத்தனை பிடி, புளி எவ்வளவு, எந்தத் தோட்டத்தில் எப்பெயரால் வழங்கியது என்றெல்லாம் அவ்வேடுகள் சொல்லும். ஏட்டில் ஏறிய சுவையே ஒருநாள் பாடமாகும்.