ஹேண்டில் போனதால் மின்கார் போனதா? 1900–1912 குறித்து ஒரு மறுவாசிப்பு

அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிட்ட மின்கார் வரலாற்றுக் குறிப்பு ஒன்று பரவலாக எடுத்தாளப்படுகிறது. 1900 வாக்கில் சாலையில் ஓடிய வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்கார் என்கிறது அது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி மின்காருக்கு முதல் அடி கொடுத்ததாம். 1912-இல் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர், எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்பும் ஹேண்டிலை ஒழித்து பெட்ரோல் காரின் விற்பனையைப் பெருக்கியது என்றும் சொல்கிறது. நல்ல சாலைகளையும் டெக்சஸ் எண்ணெயையும் பிறகு சேர்த்துக்கொள்கிறது. கோவையான கதைதான். ஆனால் இதன் கால வரிசை எனக்கு ஒப்புதலாக இல்லை.

முதலில் அந்த மூன்றில் ஒன்று. இதற்கு அடிப்படை பன்னிரண்டாம் அமெரிக்கக் கணக்கெடுப்பின் உற்பத்தி அட்டவணையில் உள்ள ஒரே வரி: நீராவி 1,681, மின்சாரம் 1,575, பெட்ரோல் 936, மொத்தம் 4,192. இவை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டிகள். சாலையில் ஓடியவை அல்ல. சாலையில் ஓடியவற்றை எண்ண அப்போது வழியே இல்லை. நியூயார்க் மாநிலமே 1901-இல்தான் வண்டிகளைப் பதியத் தொடங்கியது. கணக்கெடுப்பின் ஆண்டு 1900 மே மாதத்தோடு முடிந்ததால், இதே எண்களைச் சிலர் 1899 என்றும் சிலர் 1900 என்றும் குறிக்கிறார்கள். பாடபேதம் இதோடு நிற்கவில்லை. 1,575-ஐ 4,192-ஆல் வகுத்தால் 37.6 விழுக்காடு வரும். பல நூல்களிலோ அதே 4,192-ஐச் சொல்லிவிட்டு 28 விழுக்காடு என்று எழுதியிருக்கிறது. ஏடு பெயர்த்தெழுதியவர் கைப்பிழைபோல யாரோ ஒருவர் 38-ஐ 28 ஆக்க, மற்றவர்கள் வகுத்துப் பார்க்காமல் எடுத்தாண்டிருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

அட்டவணையின் உண்மையான பயன் வேறு. ஓல்ட்ஸ்மொபைலின் ‘கர்வ்டு டேஷ்’ என்ற பெட்ரோல் வண்டி 1901-இல் 650 டாலருக்கு வந்தது. அந்த ஆண்டு 425 வண்டிகள், 1902-இல் 2,500, 1903-இல் 4,000, 1904-இல் ஐந்தாயிரத்துக்கும் மேல். மூன்று வகையும் சேர்ந்து கணக்கெடுப்பு ஆண்டில் எட்டிய அளவை ஒரே நிறுவனத்தின் ஒரே பெட்ரோல் வண்டி நான்கைந்து ஆண்டுகளில் தாண்டிவிட்டது. மாடல் டி அப்போது பிறக்கவே இல்லை. கெட்டரிங்கின் ஸ்டார்ட்டருக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. அந்த ஓல்ட்ஸ்மொபைலையும் ஹேண்டில் போட்டுத்தான் கிளப்ப வேண்டும்.

ஸ்டார்ட்டர் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று ஃபோர்டேதான். மாடல் டி-க்கு மின் ஸ்டார்ட்டர் 1919-இல்தான் கிடைத்தது. அதற்கு முன்பே லட்சக்கணக்கானோர் மணிக்கட்டு முறியும் என்று தெரிந்தே அதை வாங்கினார்கள். ஹேண்டில் திருப்பி அடித்து வரும் எலும்பு முறிவை மருத்துவர்கள் இன்றும் ‘ஷோஃபர் முறிவு’ என்கிறார்கள். ஸ்டார்ட்டர் முதலில் வந்தது 1,800 டாலர் காடிலாக்கில். மின் ரோட்ஸ்டரின் விலை 1,750 டாலர் என்று எரிசக்தித் துறைக் குறிப்பே சொல்கிறது. அந்த விலை வட்டத்துக்குள் ஸ்டார்ட்டர் மின்காரின் வாடிக்கையாளர்களை இழுத்திருக்கக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்காரை ஓட்டியவர்.

பாதுகாப்பு எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொன்னதாகத் தெரியவில்லை. 1899 செப்டம்பர் 13 அன்று நியூயார்க்கில் டிராமிலிருந்து இறங்கிய ஹென்றி பிளிஸ் என்பவரை மோதியது ஒரு மின் டாக்ஸி. மறுநாள் அவர் இறந்தார். அமெரிக்காவில் மோட்டார் வண்டியால் நேர்ந்த முதல் சாவாகப் பதிவானது இதுவே. ஆனாலும் புகையில்லாத, அலுங்காத, பத்திரமான வண்டி என்ற மின்காரின் பெயர் கெடவில்லை. அந்தப் பெயர் பெட்ரோல் காரின் ஏற்றத்தைத் தடுக்கவும் இல்லை.

டேவிட் கிர்ஷ் 2000-இல் வெளியான தம் நூலில் மின்காரின் தோல்விக்கு மின்கலத்தை மட்டும் குற்றம் சொல்லாமல், வாடகைக்கு வண்டி ஓட்டிய எலக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனியின் சரிவையும் காரணமாகக் காட்டுகிறார். கால வரிசையில் அது எனக்கு நெருக்கமான வாசிப்பு. ஆனால் ஓல்ட்ஸ்மொபைலின் 650 டாலர் விலைக்கு அவர் தரும் இடம் போதாது. பெட்ரோல் கார் முந்திய திருப்பத்தை நான் 1901-க்கும் 1904-க்கும் நடுவே வைக்கிறேன். எந்த ஆண்டு என்று குறுக்க இந்த எண்கள் இடம் தரவில்லை. மின்காரின் பங்கு சரிந்த ஆண்டும் எண்ணிக்கை சரிந்த ஆண்டும் ஒன்றல்ல: டெட்ராய்ட் எலக்ட்ரிக் 1907-இல்தான் உற்பத்தியையே தொடங்கியது, மாடல் டி-க்குப் பிறகும் பல்லாண்டு விற்றது.