நெல்லரிகிணை முதல் நகர மேடை வரை

நமது சங்கத்தின் உதவியால் பயின்று, இன்று சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரியும் இளைஞர்கள் சனிக்கிழமை மாலைகளில் எங்கே செல்கின்றனர் என்று ஊரிலுள்ள பெற்றோர் கேட்பதுண்டு. பாட்டுக் கேட்கச் செல்கின்றனர் என்பதே பெரும்பாலும் விடை. அது திரைப்படப் பாட்டும் அன்று. சபாக் கச்சேரியும் அன்று. தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடும் சிறு குழுக்களின் பாட்டு. இளைஞர்கள் இதனை 'இண்டி' என்கின்றனர். அம்மேடைகளில் கிதாரோடும் டிரம்ஸோடும் பறையும் ஒலிக்கின்றது என்று கேட்டதும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். "எதை வேண்டாமென்று வீசினோமோ, அதையா தம்பி நம் பிள்ளைகள் காசு கொடுத்துக் கேட்கிறார்கள்?" என்றார். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பறை இழிந்த கருவியாகப் பிறந்ததன்று. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியம் தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகின்றது. மருதநிலத்துக்கு உரைகாரர் கூறும் பறைகளுள் ஒன்று நெல்லரிகிணை. அதாவது நெல் அரியும்போது முழங்கும் பறை. காவிரிப் படுகை மருதநிலத்திற்கோர் எடுத்துக்காட்டு. எனவே நம் முன்னோர் கையிலிருந்த கருவி அறுவடையின் கருவியாகவும் இருந்தது. அது சாவுக்கு மட்டும் உரியதாகச் சுருக்கப்பட்டது பிற்கால நிகழ்ச்சியே.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளை நம் இளைஞர்கள் ஒருமுறையேனும் படித்தறிதல் வேண்டும். திருப்பதிகம் பாடுவதற்கு 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் இராசராசன் நியமித்தான். அவர்கள் பெயர்களும், அவர்களுக்கு அளந்த நெல்லும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அதே கோயிலுக்கு நிலமளித்த கல்வெட்டுகளில் 'பறைச்சேரி' என்னும் சொல்லும் வருகின்றது. ஆனால் அது வருவது ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு வரி நீக்கிய நிலங்களின் வரிசையில்! அச்சேரியில் வாழ்ந்தோர் பெயர் ஒன்றும் அங்கில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாடியவனுக்குப் பெயர் இருந்தது. பறை கொட்டியவனுக்குச் சேரி மட்டுமே இருந்தது.

நந்தனார் வரலாற்றை நாம் வேறு கோணத்தில் பார்க்கலாம். கொள்ளிடக்கரை ஆதனூரில் வாழ்ந்த அவர் சிவன் கோயில்களுக்குச் செய்த தொண்டு யாது? முரசு முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்ததே என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் கூறுகின்றார். கோயிலுக்குள் எழுந்த இசைக்குத் தோலும் நரம்பும் தந்தவர் திருப்புன்கூரில் வாயிலுக்கு வெளியே நின்றார். இது பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல் வேண்டும். தஞ்சையில் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்தளித்த குடும்பங்கள் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னே பர்லாந்து என்னும் தஞ்சைக் கைவினைஞர் இருந்தார். இவர்கள் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் நூலாக 2020இல் எழுதினார். அந்நூல் வெளியீட்டுக்கு முதலில் ஒப்புதலளித்த சென்னைக் கலாக்ஷேத்ரா பின்னர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில் நடைபெற்றது. நந்தியை விலகச் சொன்ன காலம் இன்னும் முடியவில்லை போலும்!

இனிப் பெரியவரின் கோபத்துக்கு வருவோம். அதுவும் வரலாறே. சாவு வீட்டில் பறை அடிப்பது நம்மவர்க்குத் தொழிலாக இருந்ததில்லை, கட்டாயமாக இருந்தது. வர மறுத்தால் களத்தில் நெல் கிடையாது, அடி கிடைக்கும். கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் இவ்விழிதொழிலை விட்டொழிக்குமாறு ஊர் ஊராகச் சென்று போராடினார். 1952இல் நாடாளுமன்றம் சென்றவரும், தீண்டாமை பற்றிய அனைத்திந்தியக் குழுவின் தலைவராக 1969இல் அறிக்கை அளித்தவரும் அவரே. அவர் சொற்கேட்டுப் பறையைத் தூக்கி எறிந்தவர்கள் எளிதில் எறியவில்லை. அடியும் வழக்கும் ஊர்விலக்கமும் தாங்கியே எறிந்தனர். அவர்கள் எறிந்திராவிடில் இன்று எடுப்பவர்களுக்கு மேடையும் இல்லை என்பது என் கருத்து.

எடுத்தவர்களும் அச்சமின்றி எடுக்கவில்லை. கே. ஏ. குணசேகரன் இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலை ஊர்தோறும் பாடினார். திண்டுக்கல்லில் 1990இல் தோன்றிய சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையெடுத்து ஆடினர். சாவுக்கு அழைத்தால் வரமாட்டோம், விழாவுக்கு அழைத்தால் வருவோம் என்னும் நெறி இக்குழுக்களின் வழியே பரவிற்று.

சென்னையில் வேறொரு நீரோட்டம் இருந்தது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த வடசென்னை மக்கள் இறந்தோருக்காக இரவெல்லாம் பாடிய கானா, நெடுங்காலம் 'பாமரப் பாட்டு' என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் கானா, பறை, ராப் கலைஞர்களைத் திரட்டி 19 பேர் கொண்ட 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை அமைத்தனர். சாதிபேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வழங்கிய தொடரே அப்பெயருக்கு மூலம். 2018 சனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் நடந்த முதல் நிகழ்ச்சியில் இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் பாட்டுப் பொருளாயின. ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய இசைவாணியை 2020இல் பி.பி.சி. உலகின் நூறு பெண்களுள் ஒருவராகத் தேர்ந்தது. அவ்வாண்டு முதல் 'மார்கழியில் மக்களிசை' விழாவும் தொடங்கிற்று. 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியதிலிருந்து சபாக்களின் மாதமாகிவிட்ட அம்மார்கழியிலேயே ஒப்பாரிக்கும் ஒரு மேடை அமைந்தது. ராப் இசையும் 1973இல் நியூயார்க்கின் பிராங்க்சு பகுதியில் வறிய கறுப்பின இளைஞர் கூடிய விருந்துகளிலிருந்து கிளைத்ததே என்பதை இங்கு நினைவு கூரலாம்.

சென்னையில் வேலைபார்க்கும் என் தங்கை மகன் ஒருமுறை என்னை இத்தகைய நிகழ்ச்சிக்கு அழைத்துச் சென்றான். நாற்காலி இல்லை. மூன்று மணி நேரம் நின்றே கேட்டேன். முழங்கால் வலித்தது, ஒலிபெருக்கியின் இரைச்சல் மிகுதி, பாதிச் சொற்கள் விளங்கவில்லை. ஆயினும் பறை முழங்கியபோது அருகில் நின்ற எந்தப் பிள்ளையும் தலைகுனியவில்லை. யார் எச்சாதி என்று எனக்கும் விளங்கவில்லை. அன்று அதுவே எனக்குப் போதுமான இன்பமாயிருந்தது.

மேடை கிடைத்துவிட்டதால் கணக்குத் தீர்ந்துவிட்டதா எனின், இல்லை. 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலை அரக்கோணத்து அறிவு எழுதித் தீயுடன் பாடினார். இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை அறிவு அதில் வைத்தார். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையில் இந்தியா ஏற்க இசைந்த 5,25,000 பேரில் தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து சென்றோரின் வழித்தோன்றல்களும் இருந்தனர். பண்ணையாள் மிராசுதாரைக் கைகட்டி விளித்த 'சாமி' என்னும் சொல் அப்பாட்டில் பேரனைக் கொஞ்சும் சொல்லாயிற்று. உலகமே அதைக் கேட்டது. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் இசையிதழ் அட்டையில் அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவர் படத்துடன் மற்றோர் அட்டை வந்தது. 2022இல் யார் எதை ஆக்கினார் என்பது பற்றி அறிவும் சந்தோஷ் நாராயணனும் மாறுபட்ட அறிக்கைகள் வெளியிட்டனர். அப்பாட்டினால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணனே கூறினார். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்குண்டு என்று பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டும் நிலை இதுவே. நம் சங்கத்தில் சட்டம் பயிலும் மாணவர்கள் இத்துறையையும் கற்பார்களாயின் பாடுவோர்க்குப் பெருந்துணையாகும்.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் உண்டா?"

"உண்டு, ஐயா."

"வரமாட்டேன் என்றால் அடிப்பார்களா?"

"யார் அடிப்பார்கள்?"

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "மேடையில் பறையை எதில் காய்ச்சுகிறார்கள்?" என்றார். பழைய செய்தித்தாளைக் கொளுத்திக் காய்ச்சியதைப் பார்த்தேன் என்றேன். "தாளில் காய்ச்சினால் சூடு நிற்காது தம்பி. வைக்கோல் வேண்டும்" என்றார். அடுத்த முறை மருமகன் ஊருக்கு வரும்போது ஒரு கட்டு கொடுத்தனுப்பலாமா என்றும் கேட்டார்.