குற்றவாளிக் கூண்டில் சூரியன்

தாது வருஷப் பஞ்சத்துக்கு யாரு காரணம்னு கேட்டால் கிராமத்தில் மழை பொய்த்தது என்பார்கள். 1877-இல் இரண்டு வெள்ளைக்காரர்கள் மழைக்கும் மேலே போய்ச் சூரியனையே காட்டினார்கள். ஒருவர் இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் ஹண்டர். மற்றவர் வானியலாளர் நார்மன் லாக்கியர், ‘நேச்சர்’ இதழைத் தொடங்கியவர். சூரியக் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுச் சுற்றில் கூடிக் குறைகின்றன. அவை குறையும்போது சென்னையில் மழையும் குறைகிறது, பஞ்சமும் அந்தச் சுற்றில் வருகிறது என்பது அவர்கள் வாதம்.

ஆதாரம் என்ன? 1813 முதல் 1876 வரை சென்னையில் அளந்த மழை. ஓர் ஊரின் கணக்கு, அவ்வளவுதான். சென்னைக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். பஞ்சம் கடுமையாகத் தாக்கிய பெல்லாரி, கர்நூல் மேட்டு நிலங்களோ பெரிதும் தென்மேற்குப் பருவமழையை நம்பியவை. அதே ஆண்டு ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி இந்தக் கணக்கைச் சோதித்து, பொருத்தம் நிற்கவில்லை என்று ராயல் சொசைட்டியில் சொல்லிவிட்டார்.

ஹண்டரைக் கொடியவராக்க வேண்டாம். பஞ்சம் முன்கூட்டித் தெரிந்தால் தயாராகலாம் என்ற ஆசையும் அவரிடம் இருந்தது. ஆனால் ஒரு சொல்லாடல் அதைச் சொன்னவரின் எண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை. ஐம்பது லட்சத்துக்கு மேல் செத்தார்கள் என்று மதிப்பிடப்படும் அந்தப் பஞ்சத்தில், ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்காரருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். போதாது என்று மல்லுக்கு நின்றவர் சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ். பஞ்சத்தின் நடுவிலும் தானியம் கப்பலேறியது. காரணம் சூரியனில் இருந்தால் வரியிலும் கூலியிலும் எதற்குத் தேட வேண்டும்?

ஆசை சாகவில்லை. 1899-இல் கொடைக்கானலில் எழுந்த சூரிய ஆய்வுக்கூடத்தின் பின்னால் பருவமழையை முன்னறியும் கனவும் இருந்தது. இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் கரும்புள்ளிகளை மழையோடு பொருத்திப் பார்த்தார், உறவு பலவீனம். அவர் தேடல் பசிபிக் கடலின் அழுத்த ஊசலாட்டத்தில் போய் முடிந்தது. 1877-78-இல் வலுவான எல் நினோ இருந்தது என்பது இன்று தெரியும். மழை ஏன் பொய்த்தது என்பதற்கு அது விடை. ஜனங்கள் ஏன் செத்தார்கள் என்பதற்கு அல்ல.

இப்போது புவி சூடாவதற்கும் அதே சாட்சியை அழைக்கிறார்கள். 1991-இல் டென்மார்க்கின் இருவர், சூரியச் சுற்றின் நீளமும் வெப்பநிலையும் ஒத்துப்போவதாக வரைபடம் காட்டினார்கள். அதன் கடைசிப் பகுதியில் தரவைக் கையாண்ட விதமே தவறு என 2004-இல் சுட்டிக்காட்டப்பட்டது. சூரியனுக்குப் பங்கே இல்லைன்னு சொல்லவில்லை. ஒரு சுற்றுக்குள் அதன் ஒளி மாறுவது சுமார் 0.1 விழுக்காடு. 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. ஒளியில் ஏறுமுகம் இல்லை, வெப்பம் மட்டும் ஏறுகிறது. சூரியன்தான் காரணம் என்றால் மேல் வளிமண்டலமும் சூடாக வேண்டும். அது குளிர்கிறது. கரி எரிப்பவர்கள் இதைப் பேசுவதில்லை.

கொடைக்கானலில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிடித்த சூரியப் படங்கள் இருக்கின்றன. பஞ்சத்தில் செத்தவர்களுக்கு அப்படியொரு முழுப் பதிவேடு கிடையாது.