இரட்சிப்பின் நிச்சயம்

இரட்சிப்பின் நிச்சயம் என்பது, தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்றும் நித்திய வாழ்வு தமக்கு உண்டு என்றும் ஒரு கிறிஸ்தவர் உயிரோடிருக்கும்போதே உறுதியாக அறிந்திருக்கும் நிலை. இந்த அறிவு மனிதருக்கு எட்டுமா, எட்டுமானால் எதை ஆதாரமாகக் கொண்டு எட்டும், எட்டிய பின் அதை இழக்க நேருமா என்னும் கேள்விகள் நூற்றாண்டுகளாகத் திருச்சபைகளைப் பிரித்தும் சேர்த்தும் வந்திருக்கின்றன. திருச்சடங்கு, கடவுளின் வாக்குத்தத்தம், மாறிய நடத்தை, உள்ளத்தில் ஆவியானவர் தரும் சாட்சி, ஒருநாள் எடுத்த தீர்மானம் என ஆதாரம் தேடப்பட்ட இடம் காலந்தோறும் மாறியது. பெரும்பாலும் ஒரு விடை கிளப்பிவிட்ட ஐயமே அடுத்த விடைக்கு வழி திறந்தது.

கோட்பாட்டின் எல்லை

இக்கோட்பாட்டைப் பரிசுத்தவான்களின் நிலைநிற்பு என்னும் மற்றொரு கோட்பாட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதுண்டு. மெய்யாக இரட்சிக்கப்பட்டவர் இறுதிவரை விழுந்துபோக மாட்டார் என்பது நிலைநிற்பு. தாம் இரட்சிக்கப்பட்டவர் என்று ஒருவர் அறிந்திருப்பது நிச்சயம். கால்வினிய மரபில் ஒருவர் ஒருபோதும் விழாதவராக இருந்தும், அதை அறியாமல் கலங்கிக்கொண்டிருக்கலாம். மெதடிஸ்ட் மரபிலோ ஒருவர் இன்று மன்னிப்புப் பெற்றதை முழுமையாக அறிந்திருந்தும், நாளை விசுவாசத்தைக் கைவிட்டு விழக்கூடும்.

விவிலிய ஆதாரங்கள்

நிச்சயம் எட்டும் என்போரும் எட்டாது என்போரும் புதிய ஏற்பாட்டையே துணைக்கு அழைக்கின்றனர். நாம் கடவுளின் பிள்ளைகள் என்று ஆவியானவர் நம் ஆவியோடு சாட்சி சொல்வதாகப் பவுல் ரோமர் 8:16இல் எழுதுகிறார். விசுவாசிகள் தங்களுக்கு நித்திய ஜீவன் உண்டென்று அறியும்படியே தம் நிருபத்தை எழுதியதாக 1 யோவான் 5:13 கூறுகிறது. அதே நிருபம், சகோதரரிடம் காட்டும் அன்பையும் கற்பனைகளைக் கைக்கொள்வதையும் அடையாளங்களாக வைக்கிறது. மறுபுறம், பயத்தோடும் நடுக்கத்தோடும் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படும்படி பிலிப்பியர் 2:12 அறிவுறுத்துகிறது. ஒருமுறை ஒளியைப் பெற்றுப் பின் மறுதலித்தவர்களைப் பற்றி எபிரேயர் 6ஆம் அதிகாரம் கடுமையாக எச்சரிக்கிறது. பின்வந்த கொள்கைகள் எல்லாம் இந்த இருவகைப் பகுதிகளையும் ஒன்றோடொன்று பொருத்திக்காட்ட எழுந்த முயற்சிகளே.

ஆதித் திருச்சபையும் இடைக்காலமும்

முதல் நூற்றாண்டுகளின் கவலை, ஞானஸ்நானத்திற்குப் பின் செய்த பாவத்துக்கு மன்னிப்பு உண்டா என்பதைச் சுற்றியே இருந்தது. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் எழுந்த 'எர்மாவின் மேய்ப்பன்' என்னும் நூல், அத்தகைய மனந்திரும்புதலுக்கு ஒரே ஒரு வாய்ப்பை அளித்தது. இதனால் பலர் ஞானஸ்நானத்தை முதுமைவரை தள்ளிப்போட்டனர். பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல் மரணப் படுக்கையில்தான் அதைப் பெற்றார்.

மேற்கத்தியச் சிந்தனையை நெடுங்காலம் வழிநடத்தியவர் அகுஸ்தீன் (354–430). இறுதிவரை நிலைத்திருப்பது கடவுள் அளிக்கும் தனி வரம் என்றும், அது தமக்கு அளிக்கப்பட்டிருக்கிறதா என்பதை உயிரோடிருக்கும் எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அவர் கற்பித்தார். இந்த அறியாமை மனிதரைத் தாழ்மையில் வைத்திருக்கும் நன்மை என்றே அவர் கருதினார். திருத்தந்தை முதலாம் கிரகோரியும் (பணிக்காலம் 590–604) இவ்வழியே சென்றார். பேரரசியின் அரண்மனைப் பணியிலிருந்த கிரகோரியா என்னும் பெண்மணி, தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று வெளிப்பாடு பெற்றுத் தெரிவிக்குமாறு அவரிடம் மன்றாடினார். கேட்ட காரியம் கடினமானது மட்டுமன்றிப் பயனற்றதுமாகும் என்று அவர் பதில் எழுதினார்.

கிழக்கில் மாறுபட்ட குரல் ஒன்று எழுந்தது. கான்ஸ்டான்டினோபிளின் துறவி புதிய இறையியலாளர் சிமியோன் (949–1022), அருளைப் பெற்றவர் அதை உணர்வுபூர்வமாக அறியாதிருக்க முடியாது என்று வாதிட்டு எதிர்ப்பைச் சந்தித்தார்.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் 'சும்மா தியோலோஜியே' நூலில் இக்கேள்வியை முறைப்படி ஆராய்ந்தார். தாம் அருள்நிலையில் இருப்பதைச் சிறப்பு வெளிப்பாட்டினால் ஒருவர் உறுதியாக அறியலாம். மற்றவர்கள், கடவுளில் காணும் மகிழ்ச்சி, உலகப் பற்றின்மை, கொடிய பாவத்தின் உறுத்தல் மனச்சாட்சியில் இல்லாமை ஆகிய அறிகுறிகளைக் கொண்டு ஊகிக்க மட்டுமே முடியும் என்பது அவர் முடிவு. இந்தப் போதனை எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கு 1431இல் ரூவானில் நடந்த ஜோன் ஆஃப் ஆர்க் விசாரணை சான்று. அருள்நிலையில் இருக்கிறாயா என்று நீதிபதிகள் கேட்டனர். ஆம் என்றால் அகந்தை, இல்லை என்றால் குற்ற ஒப்புதல். இல்லையெனில் கடவுள் தன்னை அந்நிலையில் வைப்பாராக, இருப்பின் அதிலேயே காப்பாராக என்ற பொருளில் விடையளித்து அவர் அந்தக் கண்ணியிலிருந்து தப்பினார்.

லூத்தரும் திரெந்துப் பொதுச்சங்கமும்

1505இல் எர்ஃபுர்ட்டில் அகுஸ்தீனியத் துறவு மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூத்தர் (1483–1546), ஒரு பாவமும் விடுபடாமல் அறிக்கையிட்டோமா, மனத்துயர் போதுமானதா என்று ஓயாமல் தம்மையே சோதித்து வதைபட்டார். அவருடைய ஆன்மிக வழிகாட்டி யோகான் ஃபோன் ஷ்டவுபிட்ஸ், தன்னையே பார்த்துக்கொண்டிராமல் கிறிஸ்துவின் காயங்களைப் பார்க்கும்படி அவரைத் திருப்பினார். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுதல் என்னும் போதனைக்கு லூத்தர் வந்தபோது, நிச்சயம் அதன் உயிர்நாடியாயிற்று. பாவமன்னிப்பு வாக்கைக் கேட்பவர், தாம் மன்னிக்கப்பட்டதாக உறுதியாய் நம்ப வேண்டும், ஐயுறுவது கடவுளைப் பொய்யராக்கும் என்றார். 1518 அக்டோபரில் ஆக்ஸ்பர்கில் அவரை விசாரித்த கர்தினால் கயெத்தான், இந்தக் கருத்து புதியதொரு திருச்சபையைக் கட்டுவதற்கு ஒப்பாகும் எனக் கண்டார். பாவமன்னிப்புச் சீட்டுகளைப் பற்றிய வாதத்தைவிட இது ஆழமான பிளவு என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரபூர்வ மறுமொழி, திரெந்துப் பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வில் 1547 ஜனவரி 13 அன்று வெளியான நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஆணை. அதற்கு முன் சங்கத்துக்குள்ளேயே கடும் விவாதம் நடந்தது. அருளைப் பற்றிய நிச்சயம் கிட்டும் என்று அம்புரோசியோ கத்தரினோ வாதிட, தோமிங்கோ தெ சோத்தோ மறுத்தார். இருவரும் தொமினிக்கன் சபையினர். கடவுளின் இரக்கத்தையோ கிறிஸ்துவின் பலனையோ எவரும் ஐயுறக் கூடாது, ஆனால் தம் பலவீனத்தை நோக்கும் எவரும், தவறவே தவறாத விசுவாச உறுதியோடு தாம் அருள் பெற்றதாகச் சொல்ல முடியாது என்று ஆணை வரையறுத்தது. கடவுளின் உதவியில் அனைவரும் மிக உறுதியான நம்பிக்கை வைக்க வேண்டும் என்றும் அதே ஆணை கூறுகிறது. கத்தோலிக்கப் போதனை ஆளை அச்சத்திலேயே வைத்திருக்கிறது என்று புராட்டஸ்டண்ட் எழுத்துகளில் காணப்படும் குற்றச்சாட்டு இப்பகுதியைக் கணக்கில் கொள்வதில்லை.

கால்வினிய மரபும் பியூரிட்டன்களும்

ஜான் கால்வின் (1509–1564), கடவுள் நம்மீது கொண்ட தயவைப் பற்றிய உறுதியான அறிவு என்றே விசுவாசத்தை வரையறுத்தார். தாம் தெரிந்துகொள்ளப்பட்டவரா என்பதை அறிய விரும்புபவர், தெரிந்துகொள்ளுதலின் கண்ணாடியான கிறிஸ்துவையே நோக்க வேண்டும் என்றார். ஆயினும், இரட்சிக்கப்படுவோரைக் கடவுள் முன்பே தெரிந்துகொண்டார் என்னும் முன்குறித்தல் கோட்பாடு அடுத்த தலைமுறையில் புதிய கலக்கத்தை விதைத்தது. கிறிஸ்து தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே மரித்தார் எனில், அவர்களுள் நானும் ஒருவன் என்பதை எப்படி அறிவேன்?

கேம்பிரிட்ஜின் வில்லியம் பெர்கின்ஸ் (1558–1602) இதற்கு ஓர் அளவை முறையை முன்வைத்தார். மெய்யான விசுவாசிகளிடம் இன்ன கனிகள் காணப்படும், அவை என்னிடம் காணப்படுகின்றன, ஆகவே நான் மெய்யான விசுவாசி என்பது அதன் வடிவம். விசுவாசிக்க வேண்டும் என்ற ஏக்கம்கூட விசுவாசத்தின் தொடக்கம் என்று அவர் தளர்ந்தவர்களைத் தேற்றினார். 1618–19இல் கூடிய டோர்ட் ஆலோசனைச் சங்கம், விசுவாசி விழுந்துபோகலாம் என்ற அர்மினியவாதிகளுக்கு எதிராக நிலைநிற்பை உறுதிப்படுத்தியது. 1646இல் நிறைவுற்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 18ஆம் அதிகாரம் முழுவதும் நிச்சயத்தைப் பற்றியது. நிச்சயம் விசுவாசத்தின் சாரத்தோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்ததன்று, மெய்யான விசுவாசியும் அதற்காக நெடுநாள் காத்திருக்க நேரலாம் என்று அது அறிவித்தது. விசுவாசமும் நிச்சயமும் கால்வினிடம் ஒட்டியிருந்த அளவுக்கு இங்கே ஒட்டியிருக்கவில்லை.

இதன் சமூக விளைவுகள் பெரியவை. ஆங்கிலேயக் கால்வினியரான பியூரிட்டன்கள் நாட்குறிப்பு எழுதித் தங்கள் உள்ளத்தைத் தணிக்கை செய்தனர். வடஅமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் 1630களில் முழு உறுப்பினராவோர் தங்கள் மனமாற்ற அனுபவத்தைச் சபைக்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது. நன்னடத்தையை இரட்சிப்பின் சான்றாகக் காட்டுவதைக் கண்டித்த ஆன் ஹட்சின்சன், 1637இல் விசாரிக்கப்பட்டு மாசசூசெட்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த தலைமுறையில் பலரிடம் சொல்லத்தக்க அனுபவம் இல்லாததால், அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1662இல் 'பாதி வழி உடன்படிக்கை' என்னும் ஏற்பாடு தேவைப்பட்டது. சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904–05இல் எழுதிய கட்டுரைகளில், அடையாளம் தேடிய இந்தப் பதற்றமே ஓயாத உழைப்புக்கும் சிக்கனத்துக்கும் தூண்டுகோலாகி முதலாளித்துவ மனப்பாங்கை வளர்த்தது என்று வாதிட்டார். அவர் கருத்து இன்றும் விவாதத்துக்குரியது.

பக்தி இயக்கமும் வெஸ்லியும்

ஜெர்மானிய லூத்தரன் சபையில், ஃபிலிப் யாக்கோப் ஷ்பேனர் 1675இல் வெளியிட்ட 'பியா தெசிதெரியா' நூலோடு பக்தி இயக்கம் வேகம் பெற்றது. சரியான போதனைக்குத் தலையசைப்பது போதாது, மறுபிறப்பின் அனுபவம் வேண்டும் என்பது அதன் வற்புறுத்தல். 1687இல் அத்தகைய அனுபவம் பெற்ற அவுகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, பின்னர் ஹாலே நகரை அதன் மையமாக்கினார்.

1736 ஜனவரியில் ஜார்ஜியாவுக்குக் கப்பலில் சென்ற ஆங்கிலிக்கன் குருவும் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனருமான ஜான் வெஸ்லி (1703–1791), புயலில் பாய் கிழிந்தபோதும் கலங்காமல் பாடிக்கொண்டிருந்த, ஜெர்மானியப் பக்தி இயக்கத்தைச் சார்ந்த மொராவியரைக் கண்டு வியந்தார். தமக்குள் சாட்சி உண்டா என்று மொராவியத் தலைவர் ஷ்பாங்கன்பெர்க் பின்னர் கேட்டபோது தடுமாறினார். 1738 மே 24 மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்குத் தம் பாவங்கள் நீக்கப்பட்ட உறுதி உண்டானதாக அவர் பதிவு செய்தார். பிரிஸ்டல் பேராயர் ஜோசப் பட்லர், இத்தகைய உரிமைகோரலை அருவருக்கத்தக்கது என்று அவரிடமே கண்டித்தார். வெஸ்லி அசையவில்லை. ஆவியானவரின் சாட்சி பற்றி 1746இலும் 1767இலும் இரு பிரசங்கங்களை வெளியிட்டு, உள்ளத்துச் சாட்சியும் வாழ்வின் கனியும் பிரிக்கப்படலாகாது என்று வரையறுத்தார். நிச்சயம் இல்லாதவர் விசுவாசியே அல்லர் என்ற தம் இளமைக்காலக் கடுமையை முதுமையில் தளர்த்திக்கொண்டார். கடவுளுக்கு அஞ்சி நடப்பவரிடம் பிள்ளைக்குரிய விசுவாசம் இல்லாவிட்டாலும் பணியாளருக்குரிய விசுவாசமாவது உண்டு என்றார்.

அனுபவத்தையே சான்றாகக் கொள்வதன் ஆபத்தையும் அந்நூற்றாண்டு கண்டது. 'ஓல்னி பாமாலை' (1779) நூலில் ஜான் நியூட்டனோடு சேர்ந்து பாடல்கள் எழுதிய கவிஞர் வில்லியம் கூப்பர், 1773 முதல் தாம் கைவிடப்பட்டவர் என்ற எண்ணத்திலிருந்து மீளவே இல்லை.

தமிழ்ச் சூழல்

ஹாலே மரபில் பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹைன்ரிஹ் புளுட்சோவோடு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபோது, பக்தி இயக்கத்தின் மனமாற்ற வலியுறுத்தலும் தமிழகம் வந்தது. மெதடிஸ்ட் போதகர்கள் 1814இல் இலங்கையின் காலி நகரில் இறங்கி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணி தொடங்கினர். 1816இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அமெரிக்க மிஷன், நியூ இங்கிலாந்துச் சபைகளின் பின்னணி கொண்டது.

திருநெல்வேலிப் பகுதியில் ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக மக்கள் சபையில் சேர்ந்தனர். இதனால், சபையில் சேர்ந்தவர் எல்லாரும் இரட்சிக்கப்பட்டவரா என்ற கேள்வி இங்கே கூர்மை பெற்றது. ஜான் அருளப்பன் (1810–1867) தொடர்புடைய 1860ஆம் ஆண்டு எழுப்புதலில், பாவ உணர்த்துதலும் மன்னிப்பின் மகிழ்ச்சியும் வெளிப்படையாகக் காணப்பட்டன. இலக்கியத்தில் இக்கோட்பாட்டின் சிறந்த தடம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) 'இரட்சணிய யாத்திரிகம்'. 1894இல் வெளியான இக்காப்பியம் ஜான் பனியனின் 'மோட்சப் பயணம்' (1678) கதையைத் தழுவியது. பனியனின் கதையில் பயணி உறங்கித் தொலைத்து, திரும்பிச் சென்று தேடியெடுக்கும் சுருள் இரட்சிப்பின் நிச்சயத்தைக் குறிப்பது.

தீர்மானத்தின் காலம்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுப்புதல் கூட்டங்கள் நெடிய உள்ளாய்வைச் சுருக்கின. சார்ல்ஸ் ஃபின்னி கலங்கியவர்களை முன்வரிசைப் பலகைக்கு அழைத்தார். டி.எல். மூடி தனியறையில் வைத்து வேதவசனத்தைக் காட்டி உறுதிப்படுத்தினார். 20ஆம் நூற்றாண்டில் பில்லி கிரஹாம் கூட்டங்களில் தீர்மான அட்டையும் ஆலோசகரும் வழக்கமாயினர். 1956இல் அவர் சென்னையிலும் பிரசங்கித்தார். நாள் குறிப்பிட்டு, 'இந்த நாளில் இரட்சிக்கப்பட்டேன்' என்று சாட்சி கூறும் வழக்கம் தமிழ் நற்செய்திக் கூட்டங்களிலும் வேரூன்றியது.

ஒரு ஜெபத்தோடு எல்லாம் முடிந்துவிடுமா என்ற எதிர்வாதமும் விரைவில் எழுந்தது. அதற்கு மாறாக, 1981இல் அமெரிக்க இறையியலாளர் சேன் ஹாட்ஜஸ், கீழ்ப்படிதலை நிச்சயத்துக்கு நிபந்தனையாக்குவது சுவிசேஷத்தையே கெடுக்கும் என்று எழுதினார். 1988இல் அமெரிக்கப் போதகர் ஜான் மெக்ஆர்தர், இயேசுவை ஆண்டவராக ஏற்காத விசுவாசம் மெய்யானதன்று என மறுத்தார். பெர்கின்ஸ், ஹட்சின்சன் காலத்து வழக்கு அமெரிக்க மண்ணில் மீண்டும் நடந்தது.

ஒப்புரவு முயற்சி

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. விசுவாசிகள் தங்கள் பலவீனத்தை அறிந்திருந்தும் கடவுளின் வாக்குத்தத்தங்களைச் சார்ந்து உறுதிகொள்ளலாம் என்று இரு தரப்பும் அதில் ஒப்புக்கொண்டன. அறிக்கையில் கூறப்பட்டுள்ள லூத்தரன் போதனைக்குத் திரெந்தின் கண்டனங்கள் பொருந்தா என்றும் அது அறிவித்தது. உலக மெதடிஸ்ட் பேரவை 2006இலும், சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பு 2017இலும் இதில் இணைந்தன. இரட்சிக்கப்பட்டவர் விழுந்துபோக முடியுமா என்ற கால்வினிய, மெதடிஸ்ட் வேறுபாட்டை இந்த உடன்பாடு தீர்க்கவில்லை. அவ்விரு போதனைகளும் இன்றும் அவரவர் சபைகளில் தொடர்கின்றன.