கோட்டைகளும் அவற்றின் கைதிகளும்

எடின்பரோ மாநகரின் பழைய வீதியிலிருந்து காலை வேளையில் சிறு வேன்கள் சில புறப்படுகின்றன. அவற்றில் ஏறுவோர் பல நாட்டவர். அவர்கள் காணப் போவது ஸ்காட்லாந்தின் பழங்கோட்டைகளை. ஆயினும் அக்கோட்டைகளின் வரலாற்றுக்காக அவர்கள் போகவில்லை. 2014ஆம் ஆண்டில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'அவுட்லேண்டர்' என்னும் தொலைக்காட்சித் தொடர் எங்கெங்கே படமாக்கப்பட்டதோ அங்கெல்லாம் ஒருமுறை நின்று பார்த்துவிட வேண்டும் என்பதே அவர்களின் ஆவல். ஒரே நாளில் ஐந்தாறு இடங்கள், உடன் ஒரு வழிகாட்டி, இருட்டுவதற்குள் மீண்டும் எடின்பரோ.

அப்படியொரு வேனில் நானும் ஒரு நாள் அமர்ந்திருந்தேன். அத்தொடரில் சில பகுதிகளை மட்டுமே பார்த்திருந்தேன். என்னை அழைத்துச் சென்றது கோட்டைகளின் மீதுள்ள பழைய மோகம். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையாரோ ஒவ்வொரு காட்சியையும் மனப்பாடமாய் வைத்திருந்தார். அவருடைய ஆர்வத்தைக் கண்டு முதலில் சிரிப்பு வந்தது. மாலைக்குள் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் கணவனுடன் ஸ்காட்லாந்துக்கு வரும் கிளேர் என்னும் செவிலி, நடுகற்கள் சூழ்ந்த ஓர் இடத்தில் மயங்கி 1743ஆம் ஆண்டில் கண் விழிக்கிறாள். அங்கே ஜேமி ஃபிரேசர் என்னும் மலைநாட்டு இளைஞனை மணக்கிறாள். அவன் கத்தோலிக்கன், ஆங்கிலேயப் படைத்தலைவன் ஒருவனின் கொடுமைக்கு ஆளானவன். இதை நாவலாக எழுதி 1991இல் வெளியிட்ட டயானா கேபல்டன் அமெரிக்கர். எழுதத் தொடங்கிய காலத்தில் அவர் ஸ்காட்லாந்து மண்ணை மிதித்ததே இல்லை. பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மலைநாட்டு மரபுடை அணிந்து வந்த இளைஞன் ஒருவனைப் பார்த்ததே அவருக்கு வித்தாயிற்று. ஒரு திரைக்காட்சி நாவலாகி, நாவல் மீண்டும் திரைக்கு வந்து, திரை இப்போது மக்களைக் கற்கோட்டைக்கு இழுக்கிறது.

கதைக்குப் பின்னால் நிற்பது 1745ஆம் ஆண்டின் யாக்கோபியர் கிளர்ச்சி. கத்தோலிக்கராக இருந்தமையே பெருங்காரணமாய் 1688இல் அரியணையை இழந்த மன்னர் ஜேம்ஸின் பேரன் இளவரசர் சார்லஸ் எட்வர்ட், விரல்விட்டு எண்ணத்தக்க துணைவருடன் ஸ்காட்லாந்தில் வந்து இறங்கினார். ஜேம்ஸ் என்னும் பெயரின் இலத்தீன் வடிவம் யாக்கோபுஸ். ஆகவே அவர் தரப்பினர் யாக்கோபியர் எனப்பட்டனர். இதைக் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையாருக்கும் நடந்த போர் என்று நாம் எண்ணிக்கொள்வது எளிது. அது முழு உண்மையன்று. இளவரசருக்காக வாளேந்தியவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். ஆயர்களை ஏற்றுக்கொண்ட ஸ்காட்லாந்தின் எப்பிஸ்கோப்பல் சபையினர். எதிர்ப்படையிலும் ஸ்காட்லாந்துக்காரர் பலர் இருந்தனர்.

முதலில் டூன் கோட்டை. டீத் ஆற்றங்கரையில், ஏறத்தாழ நூறடி உயர வாயிற் கோபுரத்துடன் நிற்கிறது. தொடரில் இது மக்கென்சி குலத்தலைவரின் 'லியோக்' கோட்டை. 1975இல் வெளியான மான்ட்டி பைத்தான் குழுவினரின் நகைச்சுவைப் படத்திலும் இதுவே பல கோட்டைகளாக வேடமிட்டது. அப்படத்தில் குதிரைக்குப் பணமில்லாத வீரர்கள் வெறுங்காலால் துள்ளி நடக்க, பின்னே வரும் ஏவலர்கள் தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்புவர். அன்றும் முற்றத்தில் யாரோ சிரட்டை தட்டினார்கள். தென்னையே முளைக்காத நாட்டில் அவ்வொலி கேட்டது விந்தைதான். 2013க்கும் 2017க்கும் இடையே இக்கோட்டைக்கு வருவோர் தொகை ஏறத்தாழ மும்மடங்காயிற்று. கூரை பழுதுபார்க்கவும் காவலர் ஊதியத்திற்கும் அந்த நுழைவுக் கட்டணம் உதவாமல் இராது. கதையைப் பழிப்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

எங்கள் வழிகாட்டி, 'இந்தப் படிக்கட்டில்தான் கிளேர் இறங்கி வருவாள்' என்று காட்டினார். பெரிய மண்டபத்தின் உட்காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை அல்ல, படப்பிடிப்புக் கூடத்தில் அமைத்த அரங்கில் எடுக்கப்பட்டவை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். சமையற்கட்டின் அடுப்பு வாய் ஒரு முழு மாட்டை வாட்டும் அளவு அகலமானது. அதற்கு மேலுள்ள அறைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. 1746 ஜனவரியில் ஃபால்கர்க் போரில் பிடிபட்ட அரசுத் தரப்பினரை யாக்கோபியர் அடைத்துவைத்தது அந்த அறைகளில்தான். படுக்கை விரிப்புகளை முடிந்து கயிறாக்கிச் சன்னல் வழியே சிலர் தப்பினர். பின்னாளில் நாடகாசிரியராகப் புகழ்பெற்ற ஜான் ஹோம் அக்கைதிகளில் ஒருவர். ஜான் விதர்ஸ்பூன் என்னும் போதகரும் அங்கே இருந்தார். அவரே பின்னர் கடல் கடந்து சென்று, 1776இல் அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையொப்பமிட்டவர். தொடரில் சிறைப்படுவோர் எல்லாம் யாக்கோபியரே. யாக்கோபியரும் சிறை வைத்தார்கள் என்பதற்கு டூன் கோட்டையின் மேலறைகள் சாட்சி.

இக்கோட்டையைக் கட்டியவர் கதை இன்னும் பழையது. ஆல்பனி கோமகன் ராபர்ட் ஸ்டூவர்ட் ஒரு மன்னரின் மகன், இன்னொரு மன்னரின் தம்பி. தாமே முடிசூடாமல் நீண்டகாலம் நாட்டை ஆண்டவர். அவருடைய அண்ணன் மூன்றாம் ராபர்ட் நோயாளி. அண்ணனின் மூத்த மகன், ராத்சே கோமகன் டேவிட், சித்தப்பனின் காவலில் 1402இல் இறந்தான். பட்டினியால் கொல்லப்பட்டான் என்று ஊர் பேசிற்று. கூடிய பேரவையோ, இளவரசர் இறைவனின் திருவுளத்தால் இறந்தார், வேறு காரணம் இல்லை என்று அறிவித்தது! திருவுளத்தின் மேல் பழிபோடும் வழக்கம் அரசியலாருக்குப் புதிதன்று. இளைய மகன் ஜேம்ஸைப் பிரான்சுக்கு அனுப்பிக் காப்பாற்றப் பார்த்தார்கள். 1406இல் ஆங்கிலேயர் அவனை நடுக்கடலில் பிடித்தனர். அப்போது அவனுக்குப் பதினோரு வயது. பதினெட்டு ஆண்டுகள் அவன் சிறையிருந்தான். அதே இங்கிலாந்தில் கைதியாயிருந்த தம் சொந்த மகன் மர்டாக்கை மீட்டுக்கொண்ட ஆல்பனி, அண்ணன் மகனை மீட்க அவசரம் காட்டவில்லை. ஆல்பனி 1420இல் முதுமையில் இறந்தார். 1424இல் விடுதலையாகி வந்த ஜேம்ஸ், அடுத்த ஆண்டே மர்டாக்கின் தலையையும் அவன் பிள்ளைகள் இருவரின் தலைகளையும் ஸ்டர்லிங்கில் வாங்கினான். டூன் கோட்டை மன்னனுடையதாயிற்று. தொலைக்காட்சித் தொடர் எழுதுவோர் இவ்வளவு துணியமாட்டார்கள்.

அந்த ஜேம்ஸ் மன்னன் கட்டத் தொடங்கிய லின்லித்கோ அரண்மனை எங்கள் இரண்டாம் நிறுத்தம். ஏரிக்கரையில் கூரையின்றி நிற்கும் பெருமாளிகை அது. தொடரில் இது 'வென்ட்வொர்த்' என்னும் ஆங்கிலேயரின் கொடுஞ்சிறை. ஜேமி அங்கே படும் சித்திரவதையை எண்ணிப் பக்கத்து இருக்கை அம்மையார் கண்கலங்கினார். அச்சிறையின் தலைவராக நடித்த ஃபிரேசர் ஹைன்ஸ், நாவலாசிரியருக்கு வித்திட்ட பழைய தொடரில் மரபுடை இளைஞனாக வந்த அதே நடிகர் என்று அவரே எனக்குச் சொன்னார். வழிகாட்டிக்கும் அது தெரிந்திருந்தது.

மெய்யான லின்லித்கோ சிறையன்று. அரச குலத்தின் பிறப்பில்லம். 1542 டிசம்பர் 8ஆம் நாள், அமலோற்பவத் திருநாளன்று, இங்கே பிறந்தவள் மேரி ஸ்டூவர்ட். ஆறே நாளில் தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் ஃபால்க்லாந்து அரண்மனையில் இறக்க, ஆறு நாள் குழந்தை ஸ்காட்லாந்தின் அரசியானாள். அவள் வளர்ந்து, 1568இல் அடைக்கலம் தேடி இங்கிலாந்துக்குள் சென்று, அங்கே பத்தொன்பது ஆண்டுகள் காவலில் இருந்து, 1587இல் தலையிழந்தாள். சிறை என்று திரையில் காட்டப்படும் இம்மாளிகையில் பிறந்தவளுக்கு மெய்யான சிறை வேறு நாட்டில் காத்திருந்தது.

கூரை ஏன் இல்லை? 1746 தொடக்கத்தில் கம்பர்லாந்து கோமகனின் அரசுப் படையினர் இங்கே தங்கினர். அவர்கள் புறப்பட்டபோது விட்டுச்சென்ற நெருப்பு அரண்மனை முழுவதையும் தின்றது. இரண்டரை மாதம் கழிந்தபின், ஏப்ரல் 16ஆம் நாள், அதே படை வடக்கே கல்லோடன் வெளியில் யாக்கோபியரை ஒரு மணி நேரத்திற்குள் முறியடித்தது. ஆங்கிலேயச் சிறையாகத் திரையில் தோன்றும் சுவர்கள், மெய்யாகவே அரசுப் படையின் நெருப்பில் வெந்த சுவர்கள். இதை எடுத்துச் சொல்லியிருந்தால் அம்மையாரின் கண்ணீருக்கு இன்னும் பொருத்தமான காரணம் கிடைத்திருக்கும். வழிகாட்டியைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவருக்கு அங்கே வாய்த்தது நாற்பது நிமிடம். கேள்விகளெல்லாம் ஜேமியைப் பற்றியவை.

அருகிலுள்ள பிளாக்னஸ் கோட்டை ஃபோர்த் கழிமுகத்தின் பாறை மேல் கப்பல் வடிவில் நிற்கிறது. கடலுக்குள் நீட்டிய முனைக் கோபுரத்தின் அடியில், அலையேறும்போது நீர் புகும் நிலவறை ஒன்று உண்டு. முற்றத்தில் ஒரு கூட்டமே படமெடுத்துக்கொண்டிருந்தது. ஜேமிக்குச் சவுக்கடி நடந்த இடம் அது. இதே கோட்டையில் 1543இல் சில காலம் சிறையிருந்தவர் கர்தினால் டேவிட் பீட்டன். குழந்தை அரசியின் பெயரால் நாட்டை யார் ஆள்வது, இங்கிலாந்தோடு உறவா பிரான்சோடு உறவா என்னும் போட்டியில் அவரைப் பிடித்து அடைத்தனர்.

நம் கர்தினால் ஒருவர் சிறையிருந்த இடம் என்றதும் நெஞ்சம் சற்றே நிமிர்கிறது. அந்த நிமிர்ச்சி எனக்கும் வந்தது, நெடுநேரம் நிற்கவில்லை. விடுதலையான பீட்டன் 1546 மார்ச்சில் ஜார்ஜ் விஷார்ட் என்னும் சீர்திருத்தப் போதகரைப் புனித அந்திரேயா நகரில் எரிக்கச் செய்தார். மே மாதம் பகைவர் அவரை அந்நகரின் கோட்டையிலேயே குத்திக் கொன்றனர். சிறையிருந்தவர் எரித்தவருமானார். பதினேழாம் நூற்றாண்டில் இதே பிளாக்னஸில் அடைக்கப்பட்டவர்கள், அரசன் திணித்த வழிபாட்டை ஏற்க மறுத்த பிரஸ்பிட்டேரியன் சபையார். ஜேமியைப் போல ஒரு கறையுமற்ற கைதி இக்கோட்டையில் நமக்கு எளிதில் கிடைக்கமாட்டார். நம்மவர் பட்ட பாட்டை மட்டும் தேடிப் போகும் யாத்திரிகன், கதாநாயகனைத் தேடிப் போகும் தொலைக்காட்சி ரசிகனைவிட எந்த வகையில் மேல் என்று அந்தக் கடற்சுவரருகே எனக்குத் தோன்றிற்று.

மிட்ஹோப்பில் அதிக வேலையில்லை. ஜேமியின் வீடாகக் காட்டப்படும் அது, தனியார் பண்ணை நிலத்துள் வெளித்தோற்றம் மட்டும் மிஞ்சிய வெறுங்கூடு. கூரஸ் சிற்றூரின் கல் வீதிகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும். கிளாஸ்கோ நகரின் பாதுகாவலரான புனித முங்கோ பிறந்த இடம் என்று மரபு சொல்லும் ஊர் அது.

போகும் வழியில் வழிகாட்டி வடக்கேயுள்ள கல்லோடனைப் பற்றிச் சொன்னார். அவ்வெளியில் 1881இல் நட்ட குலக் கற்கள் உண்டு. மாண்டவர் மொத்தமாய்ப் புதைக்கப்பட்ட மேடுகளை அவை குறிக்கின்றன. ஃபிரேசர் குலத்தின் கல்லருகே, வாழ்ந்தேயிராத ஜேமிக்காக மக்கள் மலர் வைக்கிறார்கள். காலடிபட்டுப் புல் தேய்ந்துபோய், அவ்விடத்தை மறித்துக் காக்க வேண்டியதாயிற்று. வேனில் சிலர் சிரித்தனர். அம்மையார் சிரிக்கவில்லை. "அங்கே உண்மையான ஃபிரேசர்கள் கிடக்கிறார்களே, அவர்களுக்கும் அந்தப் பூ போகும் அல்லவா?" என்று கேட்டார். வழிகாட்டி விடை சொல்லவில்லை. எனக்கு ரோமைப் புனித பேதுரு பேராலயத்தின் நினைவு வந்தது. தோற்ற இளவரசர் சார்லஸுக்கும், கல்லோடனுக்கு அடுத்த ஆண்டே கர்தினாலாகி 1807இல் அக்குலத்தின் கடைசி ஆளாய் மறைந்த தம்பி ஹென்றிக்கும், தந்தையுடன் சேர்த்துச் சிற்பி கனோவா செய்த வெண்பளிங்கு நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. ரோமைக்குச் செல்லும் நம் யாத்திரிகர் எத்தனையோ பேர் அதைக் கடந்து போகிறார்கள். மேட்டுக்குள் கிடப்போருக்கு அப்படியொரு பளிங்கு இல்லை.

கடைசி நிறுத்தம் ஃபால்க்லாந்து. தொடரில் இது 1945ஆம் ஆண்டின் இன்வர்னஸ் நகரம். சதுக்கத்து நீரூற்றருகே எல்லாரும் வரிசையில் நின்று படமெடுத்தனர். சில எட்டு தள்ளி, ஐந்தாம் ஜேம்ஸ் உயிர்நீத்த அரண்மனை. அதனுள் உள்ள அரசச் சிற்றாலயம் கத்தோலிக்கத் திருப்பலிக்குப் பயன்பட்டு வருவது. 1560இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் திருப்பலியைத் தடை செய்தது. 1868இல் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவிய பியூட் பிரபு 1887இல் இந்த அரண்மனையின் காவலுரிமையை வாங்கிச் செப்பனிட்டார். தடைக்கும் செப்பனிடலுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

அங்கே சற்றுக் கூடுதல் நேரம் கிடைத்தது. அரண்மனைத் தோட்டத்தில் இதற்கு முன் இருந்த பழங்கோட்டையின் அடித்தளக் கற்கள் தெரிகின்றன. ராத்சே கோமகன் டேவிட் இறந்தது அந்தப் பழங்கோட்டையில். காலையில் பார்த்த டூன் கோட்டைக்காரரின் அண்ணன் மகன் இங்கேதான் செத்தான் என்று அம்மையாரிடம் சொன்னேன். "பட்டினி போட்டா?" என்று கேட்டு, புல்லில் இறங்கி நடந்தார். நேரமாகிறது, ஐந்தே நிமிடம் என்று சொல்லிக்கொண்டே வழிகாட்டியும் எங்கள் பின்னால் வந்தார்.