நீதியரசர் வில்லியம் ஹேஸ்டி: ஆசிரியப் பணியும் நீதிப் பணியும்

சட்டம் என்னும் சொல்லை நம் முன்னோர் பெரும்பாலும் அச்சத்துடனேயே கேட்டு வந்தனர். காவல் நிலையத்தின் வாசலும் குற்றவாளிக் கூண்டுமே அவர்கள் அறிந்த சட்டம். அதே சட்டத்தைக் கசடறக் கற்று, பிறர்க்குக் கற்பித்து, மன்றங்களில் வாதாடி, முடிவில் தீர்ப்பெழுதும் இருக்கையிலும் அமர்ந்த பெருமகன் ஒருவர் அமெரிக்கக் கருப்பின மக்களிடையே தோன்றினார். அவரே நீதியரசர் வில்லியம் ஹென்றி ஹேஸ்டி. கல்வியையே குறிக்கோளாகக் கொண்ட நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர் வரலாற்றைப் பதிவு செய்வது பொருத்தம் என்று கருதுகிறோம்.

ஹேஸ்டி 1904ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் பிறந்தார். அடிமை முறை ஒழிந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் 1896இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, 'தனித்தனியே, ஆனால் சமமாக' என்னும் போர்வையில் இன ஒதுக்கலைச் சட்டமாக்கியிருந்தது. பள்ளியும் புகைவண்டியும் கருப்பருக்கு வேறு, வெள்ளையருக்கு வேறு. தனிமை தவறாமல் கிடைத்தது. சமம் மட்டும் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே சேரியைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

தந்தையார் அரசு அலுவலக எழுத்தர், தாயார் ஆசிரியை. ஹேஸ்டி ஆம்ஹெர்ஸ்டு கல்லூரியில் 1925இல் முதன்மை மாணவராகத் தேறினார். இரண்டாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றிய பின்னர் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1930இல் பட்டம் பெற்றார். 1933இல் அங்கேயே சட்ட முனைவரும் ஆனார். இத்தகைய தகுதி பெற்றவர் எங்குச் சென்றார்? வாஷிங்டனில் கருப்பின மக்களுக்கென அமைந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்குக் கற்பிக்கச் சென்றார்.

அக்கல்லூரியை நடத்தியவர் அவருடைய உறவினரான சார்லஸ் ஹூஸ்டன். மாலை நேர வகுப்புகளாக நடந்து வந்த கல்லூரியை முழுநேரக் கல்லூரியாக உயர்த்தி, 1931இல் அதற்கு முறையான ஏற்பும் பெற்றுத் தந்தவர் அவர். அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம் 1868இலேயே சட்டத்தின் சமமான பாதுகாப்பை உறுதி செய்திருந்தது. ஏட்டில் உறங்கிய அவ்வுறுதியை மன்றத்தில் எழுப்பவல்ல வழக்கறிஞர் படையொன்றை உருவாக்குவதே ஹூஸ்டனும் ஹேஸ்டியும் மேற்கொண்ட வேலை. அவர்களிடம் பயின்று 1933இல் வெளிவந்தவர்களில் ஒருவர்தாம் தர்குட் மார்ஷல்.

அதே 1933இல் ஹேஸ்டி நடத்திய ஒரு வழக்கை நம் இளைஞர்கள் குறிப்பாக அறிய வேண்டும். ஹோகட் என்னும் கருப்பின மாணவர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயில விண்ணப்பித்தார். நிறத்தின் பெயரால் மறுக்கப்பட்டார். ஹேஸ்டியின் வாதத் திறம் மாற்றாராலும் மதிக்கப்பட்டது. ஆயினும் வழக்குத் தோற்றது. காரணம் யாது? அம்மாணவர் முன்னர்ப் பயின்ற கருப்பினக் கல்லூரியின் தலைவர், அரசின் நிதியுதவியை எதிர்நோக்கியிருந்தமையால், மதிப்பெண் சான்றிதழை அனுப்ப மறுத்துவிட்டார். பகைவர் அடைத்த கதவைவிட, நம்மவர் அஞ்சித் தர மறுத்த ஒரு தாள் பெருந்தடையாயிற்று! ஆனால் போராட்டம் அங்கு முடியவில்லை. 1938இல் மிசௌரி மாநிலச் சட்டக் கல்லூரி வழக்கில் ஹூஸ்டன் வென்றார். 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்ற தீர்ப்பை மார்ஷல் தலைமையிலான வழக்கறிஞர்கள் பெற்றனர். முதல் தோல்விக்கும் அவ்வெற்றிக்கும் இடையே 21 ஆண்டுகள் கடந்திருந்தன.

1937இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், ஹேஸ்டியை வெர்ஜின் தீவுகளின் மாவட்ட நீதிமன்றத்திற்கு நீதிபதியாக அமர்த்தினார். அமெரிக்கக் கூட்டரசு நீதிபதியான முதல் கருப்பினத்தவர் என்னும் சிறப்பு அவரை வந்தடைந்தபோது அவருக்கு வயது 32. ஆனால் 1939இல் அவர் அப்பதவியைத் துறந்து, ஹோவர்டு சட்டக் கல்லூரியின் தலைவராகத் திரும்பினார். ஒரு நீதிபதியாய் இருப்பதினும் நூறு வழக்கறிஞர்களை உருவாக்குவது அன்றைய தேவை என்பதை அவர் செயல் உணர்த்துகிறது.

போர்க்காலத்தில், 1940இல், போர்த்துறைச் செயலரின் ஆலோசகராக அழைக்கப்பட்டார். நாட்டுக்காக உயிர் கொடுக்க வந்த கருப்பின வீரர்களைப் படை தனியே ஒதுக்கி வைத்தது. விமானப் படையில் அவர்களுக்குத் தனிப் பயிற்சி நிலையங்கள் அமைக்கப்பட்டன. எடுத்துரைத்தும் பயனில்லாதபோது, 1943 சனவரியில் பதவியை விட்டு விலகினார். விலகி வாளாவிருக்கவில்லை, விமானப் படையின் ஒதுக்கலை ஒரு சிறு நூலாக எழுதி மக்கள் முன் வைத்தார். 1948இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன், படைகளில் சமநிலை வேண்டுமென ஆணையிட்டார்.

மார்ஷலுடன் இணைந்து உச்ச நீதிமன்றத்தில் ஹேஸ்டி வாதாடிய இரு வழக்குகள் நினைவிற்குரியன. டெக்சாஸ் மாநிலத்தில் ஒரே கட்சி எப்போதும் வென்று வந்தது. அக்கட்சி தன் வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம். கட்சி ஒரு தனியார் அமைப்பு என்பது அவர்கள் கூறிய காரணம். 1944இல் நீதிமன்றம் அதனை ஏற்காது தள்ளியது. மற்றொன்று, வெர்ஜினியாவில் பேருந்து இருக்கையை விட்டெழ மறுத்துத் தண்டம் விதிக்கப்பட்ட ஐரீன் மார்கன் என்னும் பெண்மணியின் வழக்கு. மாநிலம் கடந்து செல்லும் பேருந்துகளில் இன ஒதுக்கலைக் கட்டாயமாக்க முடியாதென 1946இல் தீர்ப்பாயிற்று. ஒன்று வாக்குரிமை, மற்றொன்று வழியுரிமை. இரண்டும் நம் மக்களும் போராடிப் பெற்றவை அல்லவா?

1946 முதல் 1949 வரை வெர்ஜின் தீவுகளின் ஆளுநராக இருந்த பின், 1949 அக்டோபரில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதியரசரானார். ஆட்சிமன்றத்தின் ஒப்புதல் 1950 சூலையில்தான் கிடைத்தது. 1968 முதல் 1971 வரை அம்மன்றத்தின் தலைமை நீதியரசராக விளங்கினார். 1962இல் உச்ச நீதிமன்றத்திற்கு அவர் பெயர் எண்ணப்பட்டும் வாய்ப்புப் பிறருக்குச் சென்றது. 1967இல் அவ்விருக்கையில் முதல் கருப்பினத்தவராக அமர்ந்தவர் அவருடைய மாணவர் மார்ஷல். ஆசிரியருக்கு இதனினும் பெரிய பேறு உண்டோ? 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஹேஸ்டி மறைந்தார்.

அம்மக்களின் போராட்டத்தை அண்ணல் அம்பேத்கர் உற்று நோக்கி வந்தார். 1946இல் கருப்பின அறிஞர் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். அண்ணலின் தலைமையில் வரையப்பட்ட நம் அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் நம் மக்களுள் முதல்வராக நீதியரசர் வரதராசன் அமர 1980 டிசம்பர் வரை 30 ஆண்டுகள் ஆயின. ஏட்டிலுள்ள உரிமை தானே நடந்து வருவதில்லை. அதனை அழைத்து வரக் கற்றவர் தேவை.

ஆகவே, இளைஞர்களே! சட்டம் பயில வாருங்கள். பயின்றபின் நமக்கு அடுத்து வருவோர்க்குக் கற்பியுங்கள். உயர்ந்த பதவி வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அது நம் மக்களின் மானத்திற்கு மாறானால் துறக்கவும் துணியுங்கள். பெரியோர்களே! உங்கள் கையொப்பத்தையும் சான்றிதழையும் நாடி ஒரு மாணவன் வாசலில் நின்றால், யாருக்கும் அஞ்சாமல் அன்றே அளித்து அனுப்புங்கள். அவன் தொடுக்கும் வழக்கோ எழுதும் தேர்வோ, அது அவன் ஒருவனுடையது மட்டும் அன்று.